இயங்குதளத்துக்கு விலை இல்லை, பெட்டிக்கு உண்டு
வாசகர் கேள்வி–பதில்

ஆப்பிள் நிறுவனத்தின் மேக் கணினியின் விலை, அதன் இயங்குதளமான மேக்ஓஎஸ்ஸை வேறு கணினியில் போட முடியாதது, பழைய மேக் வாங்கலாமா என்று பல கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே பொருளைச் சுற்றியவை என்பதால் இந்த இதழில் சேர்த்தே பதில் சொல்கிறோம். விலைகள் அந்தந்தக் கணினி அறிமுகமானபோது அறிவித்தவை. கடையில் தள்ளுபடி இருந்தால் அது தனிக்கணக்கு.

மேக் மினி வாங்கலாம் என்று போனேன். 59,900 ரூபாய் என்றார்கள். ரேமையும் சேமிப்பையும் ஒரு படி கூட்டிக் கேட்டால் 99,900 என்கிறார்கள். இறக்குமதி வரிதான் காரணம் என்கிறார் கடைக்காரர். உண்மையா?
– சிறுதொழில் நடத்துபவர், கோயம்புத்தூர்

இல்லை. கைபேசிக்கு இறக்குமதி வரி உண்டு. கணினிக்கும் மடிக்கணினிக்கும் இந்தியாவில் அடிப்படைச் சுங்க வரி கிடையாது. நீங்கள் கட்டுவது 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. மட்டும். கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். ஆப்பிளின் எம்4 செயலி உள்ள மேக் மினி 2024 அக்டோபரில் வந்தபோது அமெரிக்காவில் 599 டாலர். அன்றைக்கு ஒரு டாலர் ஏறத்தாழ 84 ரூபாய். பெருக்கினால் 50,316. அதற்கு 18 விழுக்காடு கூட்டினால் 59,373. இங்கே விற்ற விலை 59,900. அமெரிக்க விலைப்பட்டியலில் விற்பனை வரி சேர்ந்திருக்காது, நம் விலைப்பட்டியலில் சேர்ந்திருக்கும். அடிப்படை மாடலில் தெரிகிற வித்தியாசம் முழுக்க அதுதான்.

படி ஏறும்போதும் இதே கதைதான். 16 ஜி.பி. ரேமை 24 ஆக்க 200 டாலர், 256 ஜி.பி. சேமிப்பை 512 ஆக்க இன்னொரு 200 டாலர். இங்கே தலா 20,000 ரூபாய். அதாவது 8 ஜி.பி. ரேமுக்கும் 256 ஜி.பி. சேமிப்புக்கும் சேர்த்து 40,000. செயலி, மின்வழங்கி, உலோகப் பெட்டி, 16 ஜி.பி. ரேம், 256 ஜி.பி. சேமிப்பு எல்லாம் அடங்கிய முழுக் கணினி 59,900 என்னும்போது, இந்த இரண்டு துண்டுகள் மட்டும் அதில் மூன்றில் இரண்டு பங்கு. அதே காலத்தில் வெளிச்சந்தையில் நல்ல நிறுவனத்தின் 1 டி.பி. என்விஎம்இ எஸ்.எஸ்.டி. (சில்லு வகைச் சேமிப்பு) 10,000 ரூபாய்க்குள் கிடைத்தது.

மேக்கின் ரேம் செயலியோடு ஒரே பொதியில் இருக்கிறது, செயலியும் கிராபிக்ஸும் அதைப் பொதுவில் பயன்படுத்துகின்றன, எம்4-இல் நொடிக்கு 120 ஜி.பி. வேகம் கிடைக்கிறது என்பதெல்லாம் உண்மை. பயனும் உண்டு. ஆனால் அந்த அமைப்பின் செலவு முதல் 16 ஜி.பி.யிலேயே அடங்கிவிட்டது. அடுத்த 8 ஜி.பி.க்கு 20,000 கேட்க முடிவதற்குக் காரணம், மேக்ஓஎஸ் வேண்டும் என்பவருக்கு வேறு கடை இல்லை என்பதுதான். 2013-இல் வந்த மேவரிக்ஸ் என்ற பதிப்பு முதல் மேக்ஓஎஸ் இலவசம். அதற்கு முன் லெப்பர்டு 129 டாலருக்கும், மவுண்டன் லயன் 20 டாலருக்கும் விற்றன. அந்தப் பணம் எங்கும் போய்விடவில்லை. ரேமிலும் சேமிப்பிலும் வசூலாகிறது.

ஆகவே எங்கள் யோசனை: அடிப்படை மாடல் நியாயமான விலை, அதை வாங்குங்கள். பணம் கூடுதலாக இருந்தால் ரேமுக்குப் போடுங்கள், சேமிப்புக்குப் போடாதீர்கள். சேமிப்பை வெளியிலிருந்து சேர்க்கலாம், ரேமைச் சேர்க்க வழியே இல்லை. கூடுதல் ரேம் தேவையா என்று ஊகிக்க வேண்டாம். தெரிந்தவரின் மேக்கில் உங்கள் வழக்கமான வேலையை ஒரு மணி நேரம் செய்துவிட்டு, மேக்கிலேயே இருக்கும் ஆக்டிவிட்டி மானிட்டரைத் திறந்து மெமரி பகுதிக்குப் போங்கள். மெமரி பிரஷர் வரைபடம் பச்சையாகவே இருந்தால் 16 போதும். மஞ்சளிலேயே நின்று, ஸ்வாப் யூஸ்டு (ரேம் போதாமல் சேமிப்பில் வைத்த அளவு) சில ஜி.பி.யைத் தாண்டினால் 24 எடுங்கள்.

உங்கள் நிறுவனம் ஜி.எஸ்.டி. பதிவு உள்ளது என்றால், பதிவு எண்ணைக் கொடுத்துப் பில் வாங்குங்கள். 59,900-இல் 9,137 ரூபாய் வரி. தொழிலுக்கான பொருள் என்பதால் உள்ளீட்டு வரி வரவாக அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். பலர் இதைக் கேட்காமலே வந்துவிடுகிறார்கள்.

256 ஜி.பி. மேக் மினி வாங்கிவிட்டேன். மூன்றே மாதத்தில் நிறைந்துவிட்டது. வெளியே எஸ்.எஸ்.டி. மாட்டினால் வேகம் குறையுமா? எதை வாங்குவது?
– புகைப்படக் கலைஞர், கும்பகோணம்

சரியாகத் தேர்ந்தெடுத்தால் குறைவது தெரியாது. தவறு நடக்கும் இடங்கள் மூன்று.

முதலாவது, பெட்டியில் போட்டிருக்கும் 20 ஜி.பி.பி.எஸ். (நொடிக்கு ஜிகாபிட்) என்ற எண். யு.எஸ்.பி. 3.2 ஜென் 2×2 என்ற அந்த முறையை எம்1 முதல் எம்4 வரையிலான மேக்குகள் ஏற்பதில்லை. 20 என்று காசு கொடுத்து வாங்கிய டிரைவ் மேக்கில் 10-க்கு இறங்கிவிடும். வாங்கினால் 10 ஜி.பி.பி.எஸ். டிரைவ் வாங்குங்கள், இல்லையென்றால் நேராக 40-க்குப் போங்கள். யு.எஸ்.பி. 4 அல்லது தண்டர்போல்ட் என்று போட்டிருக்க வேண்டும். 10-இல் நொடிக்கு ஏறத்தாழ 1,000 எம்.பி. வரும். 40-இல் மூவாயிரத்தைத் தொடும். படம் திருத்தவும் முழு எச்.டி. வீடியோ வெட்டவும் முதலாவதே போதும்.

இரண்டாவது, கேபிள். கைபேசி சார்ஜருடன் வந்த யு.எஸ்.பி.-சி கேபிளில் தரவு 480 எம்.பி.பி.எஸ். மட்டுமே போகும். அதில் மாட்டினால் எவ்வளவு நல்ல டிரைவும் நொடிக்கு 40 எம்.பி.யில் நகரும். எஸ்.எஸ்.டி. பெட்டியில் வந்த கேபிளையே பயன்படுத்துங்கள். சரிபார்க்க, ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு ஆப்பிள் மெனுவைத் திறந்தால் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் இருக்கும். அதில் யு.எஸ்.பி. பகுதியில் உங்கள் டிரைவுக்கு எதிரே 10 Gb/s என்று இருக்கிறதா பாருங்கள். எம்4 மினியில் முன்பக்கத் துளைகள் இரண்டும் 10 ஜி.பி.பி.எஸ்., பின்பக்க மூன்றும் தண்டர்போல்ட் 4. 40 ஜி.பி.பி.எஸ். டிரைவை முன்னால் மாட்டிவிட்டு வேகம் இல்லை என்று திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு.

மூன்றாவது, ஃபார்மேட். கடையிலிருந்து வரும் டிரைவ் பெரும்பாலும் எக்ஸ்ஃபாட் என்ற ஃபார்மேட்டில் இருக்கும். மின்சாரம் போனாலோ கேபிளைச் சட்டென்று பிடுங்கினாலோ எக்ஸ்ஃபாட் எளிதில் கெடும். மேக்கின் போட்டோஸில் சேர்த்த படங்களின் நூலகத்தையும் அதில் வைக்க முடியாது. டிஸ்க் யூட்டிலிட்டியைத் திறந்து, வியூ மெனுவில் ஷோ ஆல் டிவைசஸ் கொடுங்கள். உள்ளே இருக்கும் பிரிவைத் தொடாமல், மேலே உள்ள டிரைவின் பெயரையே தேர்ந்தெடுங்கள். எரேஸ் அழுத்தி, ஃபார்மேட்டில் ஏ.பி.எஃப்.எஸ்., ஸ்கீமில் ஜி.யு.ஐ.டி. பார்ட்டிஷன் மேப் என்று வையுங்கள். டிரைவில் இருப்பதெல்லாம் அழியும், முதலில் நகல் எடுத்துவிடுங்கள். பிரிவை மட்டும் எரேஸ் செய்தால் ஸ்கீம் கேட்காது, பழைய அமைப்பே தொடரும். பலர் தடுமாறும் இடம் இது.

அடுத்து நூலகத்தை நகர்த்த வேண்டும். போட்டோஸை மூடிவிட்டு, பிக்சர்ஸ் கோப்புறையில் உள்ள நூலகக் கோப்பை வெளி டிரைவுக்கு நகலெடுங்கள். ஆப்ஷன் விசையை அழுத்தியபடி போட்டோஸைத் திறந்து புதிய இடத்தைக் காட்டுங்கள். செட்டிங்ஸில் அதைச் சிஸ்டம் போட்டோ லைப்ரரி ஆக்குங்கள். ஒரு வாரம் எல்லாம் சரியாகத் திறக்கிறது என்று உறுதியான பிறகே பழையதை அழியுங்கள். மேக்ஓஎஸ் 15.1 முதல், ஆப் ஸ்டோரில் வாங்கும் பெரிய ஆப்களையும் வெளி டிரைவிலேயே இறக்கிக்கொள்ளும் வசதி வந்திருக்கிறது.

திருமணப் படங்கள் எடுப்பவர் நீங்கள். மேக்கின் காப்பு நகல் வசதியான டைம் மெஷினுக்கு இதே டிரைவில் இடம் ஒதுக்காதீர்கள், தனியாக ஒரு சாதாரண ஹார்டு டிஸ்க் போதும். மினியில் பேட்டரி இல்லை, சிறிய யு.பி.எஸ். ஒன்றும் கட்டாயம்.

மினியின் உள்ளேயே எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி மாற்றலாம் என்று சொல்கிறார்களே?
– அவரே

எம்4 மினியில் சேமிப்பு ஒரு தனித் துண்டுதான், கழற்றவும் வரும். ஆனால் கடையில் விற்கும் எம்.2 எஸ்.எஸ்.டி. அதில் பொருந்தாது. சாதாரண எஸ்.எஸ்.டி.யில் நினைவகச் சில்லும் அதை நடத்தும் கட்டுப்படுத்தியும் ஒன்றாக இருக்கும். மேக்கில் கட்டுப்படுத்தி செயலிக்குள் இருக்கிறது, துண்டில் வெறும் நினைவகச் சில்லுகள்தான். எம்4-க்கும் எம்4 ப்ரோவுக்கும் துண்டு வேறு. பிற நிறுவனங்கள் செய்து விற்கும் துண்டை மாட்டினாலும் கணினி தானாக எழாது. இன்னொரு மேக்கைக் கேபிளில் இணைத்து, டி.எஃப்.யு. என்ற மீட்பு நிலையில் ஆப்பிள் கான்ஃபிகரேட்டர் என்ற மென்பொருள் மூலம் மீட்டெடுக்க வேண்டும். தரவைப் பூட்டும் சாவி செயலிக்குள் இருப்பதால் கழற்றிய துண்டை வேறு மேக்கில் மாட்டிப் படிக்கவும் முடியாது. உத்தரவாதக் காலம் முடிந்து, இரண்டாவது மேக் கைவசம் உள்ளவர் மட்டும் இதில் இறங்கலாம்.

ஒரு நிறுவனம் தன் இயங்குதளத்தைத் தன் கணினியில் மட்டும்தான் போட வேண்டும் என்று கட்டாயப்படுத்துவது சட்டப்படி சரியா? ஒரு பொருளை வாங்க இன்னொன்றையும் வாங்கு என்பது குற்றமாயிற்றே.
– சட்டக் கல்லூரி மாணவர், சென்னை

நல்ல கேள்வி. அமெரிக்க நீதிமன்றங்கள் இதற்கு இரண்டு விதமாகப் பதில் சொல்லியிருக்கின்றன.

டேட்டா ஜெனரல் என்ற நிறுவனம் நோவா என்ற சிறுகணினியைச் செய்தது. அதன் ஆர்டாஸ் இயங்குதளத்துக்கு நல்ல பெயர். நோவாவைப் போலவே இயங்கும் செயலிகளை டிஜிடைன் முதலிய நிறுவனங்கள் செய்தன. ஆனால் எங்கள் செயலியை வாங்கினால்தான் ஆர்டாஸ் உரிமம் என்றது டேட்டா ஜெனரல். வழக்கு போனது. 1984-இல் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களுக்கான ஒன்பதாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் இது சட்டவிரோதப் பிணைப்பு என்றது. ஆர்டாஸுக்காக மென்பொருள் எழுதிவிட்ட வாடிக்கையாளர் இனி வேறு இயங்குதளத்துக்கு மாறினால் எழுதியதெல்லாம் வீண், ஆகவே அவர் கைதி, அவரிடம் வன்பொருளைத் திணிப்பது தவறு என்பது வாதத்தின் சாரம். 1985-இல் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை எடுத்துக்கொள்ள மறுத்தது. தீர்ப்பு நின்றது.

கால் நூற்றாண்டு கழித்து அதே சுற்றில் நேர் எதிரான முடிவு வந்தது. ஃபுளோரிடாவைச் சேர்ந்த சைஸ்டார் 2008 ஏப்ரலில் 399 டாலரிலிருந்து கணினி விற்றது. கேட்டால் மேக் ஓஎஸ் லெப்பர்டையும் போட்டுத் தந்தது. ஜூலையில் ஆப்பிள் வழக்குத் தொடுத்தது. சைஸ்டார் எதிர்வழக்காக இதே பிணைப்பு வாதத்தை வைத்தது. மேக் ஓஎஸ் தனிச் சந்தை அல்ல, விண்டோஸுடன் போட்டியிடும் ஒரு பண்டம், ஒரே நிறுவனத்தின் சரக்கையே ஒரு சந்தை என்று வரையறுக்க முடியாது என்று நீதிமன்றம் அதைத் தள்ளியது. 2009 நவம்பரில் பதிப்புரிமையிலும் ஆப்பிள் வென்றது. 2011-இல் ஒன்பதாம் சுற்று அதை உறுதிசெய்தது. நீங்களே ஓர் இயங்குதளம் எழுதிக்கொள்வதை ஆப்பிளின் உரிமம் தடுக்கவில்லையே என்பது அது சொன்ன காரணம்.

சைஸ்டார் தோற்ற விதத்தையும் கவனியுங்கள். ஒவ்வொரு கணினியுடனும் ஒரு மேக் ஓஎஸ் வட்டை விலைக்கு வாங்கிச் சேர்த்தது. ஆனால் அந்த வட்டிலிருந்து நிறுவவில்லை. ஒரே மூலப் பிரதியை மாற்றியமைத்து, அதையே எல்லாக் கணினிகளிலும் நகலெடுத்தது. பதிப்புரிமையில் அந்த நகல்தான் மாட்டிக்கொண்டது.

நடுவில் மாறியது என்ன? 1984-இல் பதிப்புரிமை இருந்தாலே சந்தை பலம் உண்டு என்று அனுமானித்தார்கள். காப்புரிமை (பேட்டண்ட்) இருப்பதால் மட்டும் சந்தை பலம் இருப்பதாகக் கொள்ளக்கூடாது என்று 2006-இல் இல்லினாய்ஸ் டூல் ஒர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, அந்த அனுமானத்துக்கும் காலில்லாமல் போனது. இருந்தும் 1984-இன் உள்ளுணர்வு சரியானது என்றே நாங்கள் கருதுகிறோம். இரண்டு லட்சம் ரூபாய் மென்பொருளும் பத்து ஆண்டு வேலையும் ஓர் இயங்குதளத்தில் கிடக்கும் ஒருவருக்கு, சந்தையில் விண்டோஸும் இருக்கிறது என்பது பதிலாகாது.

இந்தியாவில் 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் பிரிவு 3(4) பிணைப்பு விற்பனையைச் சொல்கிறது. போட்டியைக் குறிப்பிடத்தக்க அளவு பாதித்தால்தான் அது சட்டமீறல். பிரிவு 3(5) பதிப்புரிமையைக் காக்க நியாயமான நிபந்தனை விதிக்க இடம் தருகிறது. பிரிவு 4-க்கு ஆதிக்க நிலை வேண்டும். மேசைக் கணினியில் மேக்குக்கு அந்த நிலை இங்கே இல்லை. ஆகவே வழக்காடினால் முதல் சண்டையே எது சந்தை என்பதில்தான் இருக்கும்.

ஆப்பிள் ஒரு காலத்தில் மற்றவர்களுக்கு உரிமம் கொடுத்ததாமே? ஏன் நிறுத்தினார்கள்?
– ஆசிரியை, தஞ்சாவூர்

1995-இல் தொடங்கினார்கள். பவர் கம்ப்யூட்டிங், யுமாக்ஸ், மோட்டரோலா முதலியவை மேக்குக்கு நிகரான கணினிகளைச் செய்தன. ஆப்பிளுக்குக் கணினி ஒன்றுக்குக் கிடைத்தது சுமார் 50 டாலர். மேக்கே வாங்காதவர்களிடம் இவர்கள் போய் விற்பார்கள் என்பது திட்டம். நடந்ததோ வேறு. ஆப்பிளின் விலையுயர்ந்த மாடல்களை வாங்கும் அச்சக, வடிவமைப்பு வாடிக்கையாளர்களே அவர்களிடம் போனார்கள். பல நூறு டாலர் லாபம் வந்த இடத்தில் ஐம்பது வந்தது. 1997-இல் ஸ்டீவ் ஜாப்ஸ் திரும்பி வந்ததும் கதவை அடைத்தார். உரிமம் சிஸ்டம் 7-க்கு என்று இருந்தது. 7.7 என்று வரவேண்டியதற்கு மேக் ஓஎஸ் 8 என்று பெயர் வைத்தார்கள், உரிமம் அதற்குச் செல்லாமல் போயிற்று. பவர் கம்ப்யூட்டிங்கின் மேக் தொழிலை 10 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகள் கொடுத்து வாங்கி மூடினார்கள்.

சாதாரண இன்டெல் கணினியில் மேக்ஓஎஸ் போடும் ஹாக்கின்டாஷ் இப்போது செய்யலாமா?
– பொறியியல் மாணவர், திருநெல்வேலி

புதிதாகப் பாகங்கள் வாங்கிச் செய்யாதீர்கள். 2025-இல் வந்த மேக்ஓஎஸ் 26 டஹோதான் இன்டெல் செயலிக்கான கடைசிப் பதிப்பு. அடுத்தது ஆப்பிள் செயலிக்கு மட்டும். இது தவிர, ஆப்பிள் முத்திரை உள்ள கணினியில் மட்டுமே நிறுவலாம் என்கிறது உரிமம். ஹாக்கின்டாஷ் அதை மீறுவதுதான், தெரிந்தே முடிவெடுங்கள்.

வீட்டில் இருக்கும் கணினியில் கற்றுக்கொள்ள என்றால், எங்கே முட்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். இன்டெல் 11-ஆம் தலைமுறை முதல் உள்ளமை கிராபிக்ஸுக்கு டிரைவர் இல்லை. என்விடியாவின் ஜி.டி.எக்ஸ். 10 வரிசைக் கிராபிக்ஸ் அட்டைகள் மேக்ஓஎஸ் ஹை சியராவோடு நின்றன, அதற்குப் பின் வந்தவை ஓடவே ஓடாது. ஏ.எம்.டி.யில் ஆர்.எக்ஸ். 580, 5700 எக்ஸ்.டி., 6600 போன்றவை ஓடும், 7000 வரிசை ஓடாது. சாதாரணக் கணினியில் மேக்ஓஎஸ்ஸைத் தொடங்கிவைக்கும் ஓப்பன்கோர் மென்பொருளில் பெரும்பாலான தோல்விகள் வேறொருவரின் கான்ஃபிக் கோப்பை அப்படியே நகலெடுத்ததால் வருபவை. உங்கள் மதர்போர்டுக்கு நீங்களே எழுத வேண்டும். மேக்ஓஎஸ் சோனோமாவில் பழைய பிராட்காம் வைஃபைக்கான ஆதரவும் போய்விட்டது. பிழைப்புக்கான கணினியில் இது வேண்டாம்.

ஐபோன் ஆப் எழுதக் கற்கிறேன். மேக் இல்லாமல் முடியாது என்கிறார்கள். புதியது வாங்கப் பணம் இல்லை. பழைய மேக்புக் வாங்கலாமா?
– கல்லூரி மாணவி, மதுரை

ஐபோன் ஆப் எழுத ஆப்பிள் தரும் எக்ஸ்கோடு மென்பொருள் மேக்கில் மட்டுமே ஓடும் என்பது உண்மை. பழையது வாங்குங்கள், ஆனால் எம்1-க்குக் கீழே போகாதீர்கள். ஆப் ஸ்டோருக்கு ஆப் அனுப்ப எந்த எக்ஸ்கோடு வேண்டும் என்பதை ஆப்பிள் ஆண்டுதோறும் உயர்த்துகிறது. 2025 ஏப்ரலிலிருந்து எக்ஸ்கோடு 16, அதற்கு மேக்ஓஎஸ் சோனோமா 14.5 வேண்டியிருந்தது. 2026 ஏப்ரலிலிருந்து எக்ஸ்கோடு 26, அதற்குச் செகோயா 15.6. 2018, 2019 மேக்புக் ஏரில் செகோயா ஏறாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று அவற்றை வாங்கினால், எழுதிய ஆப்பை வெளியிட முடியாமல் நிற்பீர்கள்.

வாங்கும் இடத்திலேயே இவற்றைப் பாருங்கள். சிஸ்டம் செட்டிங்ஸில் பேட்டரியின் மேக்சிமம் கெபாசிட்டி 80-க்குக் கீழே என்றால் பேட்டரி மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் சைக்கிள் கவுண்ட்டும் தெரியும், 1,000 வரை தாங்கும்படி வடிவமைத்தது. பிறகு விற்பவரையே எரேஸ் ஆல் கன்டென்ட் அண்ட் செட்டிங்ஸ் கொடுக்கச் சொல்லுங்கள். அவருடைய கடவுச்சொல்லைக் கேட்கும், அவர் போட வேண்டும். அழித்து முடிந்ததும் உங்கள் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, அமைப்புத் திரையை இறுதிவரை கொண்டு போங்கள். இடையில் பழைய ஆப்பிள் கணக்கைக் கேட்டால், முந்தைய உரிமையாளரின் பூட்டான ஆக்டிவேஷன் லாக் இருக்கிறது. ரிமோட் மேனேஜ்மென்ட் என்ற திரை வந்தால் ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரில் பதிவான கணினி. இரண்டில் எது வந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். பின்னால் சரிசெய்து தருகிறேன் என்பதை நம்பாதீர்கள், அந்தப் பதிவை நீக்க அந்த நிறுவனத்தால்தான் முடியும். வைஃபையில் இணைக்காமல் சோதித்தால் இந்தத் திரை வராமலே போகலாம் என்பதால்தான் ஹாட்ஸ்பாட்டை வலியுறுத்துகிறோம்.

கற்கும்வரை ஆப்பிளின் டெவலப்பர் திட்டத்துக்கு ஆண்டுக்கு 99 டாலர் கட்ட வேண்டியதில்லை. இலவச ஆப்பிள் கணக்கிலேயே உங்கள் சொந்த ஐபோனில் ஆப்பை ஏற்றலாம், 7 நாளுக்கு ஒருமுறை மீண்டும் ஏற்ற வேண்டும். இணையத்தில் மேக்கை வாடகைக்கு எடுப்பதாக இருந்தால் ஒன்று நினைவிருக்கட்டும்: குறைந்தது 24 மணி நேரம் என்று மேக்ஓஎஸ் உரிமமே சொல்கிறது. ஒரு மணி நேர வேலைக்கும் அமேசான் முழு நாள் வாடகை வாங்குவது அதனால்தான்.

மேக்கில் விண்டோஸ் போட்டுக் கணக்கு வேலை செய்யலாமா?
– வரி ஆலோசகர், ஈரோடு

எம் வரிசை மேக்கில், வேறு இயங்குதளத்தை உள்ளே ஓட்டும் மென்பொருள்களான பேரலல்ஸ் அல்லது வி.எம்.வேர் ஃப்யூஷனுக்குள், ஆர்ம் வகைச் செயலிக்கான விண்டோஸ் 11 ஓடும். ஃப்யூஷன் இப்போது இலவசம். சாதாரண விண்டோஸ் மென்பொருள்கள் பெரும்பாலும் அதற்குள் ஓடிவிடும். உங்களுக்குச் சிக்கல் டிஜிட்டல் கையொப்ப டோக்கனில் வரும். மென்பொருளை மொழிபெயர்த்து ஓட்டும் ஆர்ம் விண்டோஸ், டிரைவரை அப்படி ஓட்டாது. டோக்கன் நிறுவனம் ஆர்ம் டிரைவரோ மேக்ஓஎஸ் டிரைவரோ தருகிறதா என்று அவர்களிடமே எழுத்தில் கேட்டுவிட்டு வாங்குங்கள். இல்லை என்றால், அந்த ஒரு வேலைக்கு உங்கள் பழைய விண்டோஸ் கணினியை வைத்துக்கொள்ளுங்கள்.